கார் அழகுப்போட்டி ஒளிப்படங்கள்

பழைய கார் கண்காட்சிகளில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் மோட்டார் வாகன வரலாற்றின் முதன்மைச் சான்றுகளில் ஒன்று. 1920களிலும் 1930களிலும் பாரிஸிலும் பிரான்சின் கடற்கரை நகரங்களிலும் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையிலும் புதிய கார்களுக்கு அழகுப்போட்டிகள் நடந்தன. அங்கே படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள். மறுநாள் நாளிதழில் அச்சாகி அதற்கு மறுநாள் மறக்கப்படும் படங்களாகவே அவை எடுக்கப்பட்டன. ஆனால் கார்களில் பல அழிந்தன, படங்கள் எஞ்சின. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பழைய கார்களை மீட்டெடுக்கும் வழக்கம் பரவியபோது, ஒரு கார் முதலில் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு விடை சொல்லப் பல நேரங்களில் அந்தப் படங்கள் மட்டுமே கிடைத்தன. அவ்வாறு மீட்டெடுக்கப்பட்ட கார்களில் அக்கால ஒளிப்படக்கலையின் குறைகளும் சேர்ந்தே ஏறின.

போட்டியின் தோற்றம்

இவ்வகைப் போட்டிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘கான்கூர் தெலகான்ஸ்’ என்று பெயர். நேர்த்திக்கான போட்டி என்பது பொருள். குதிரைவண்டிக் காலத்திலேயே பாரிஸின் செல்வர்கள் தங்கள் வண்டிகளைப் பூங்காக்களில் ஓட்டிக் காட்டும் வழக்கம் இருந்தது. குதிரையின் இடத்துக்கு இயந்திரம் வந்தபோது அந்த வழக்கமும் காருக்கு மாறியது.

அன்றைய விலையுயர்ந்த கார்கள் உருவான முறையைப் புரிந்துகொள்ள, கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதை நினைத்துக்கொள்ளலாம். கார் நிறுவனம் இயந்திரம், சக்கரங்கள், சேசிஸ் ஆகியவற்றை மட்டும் விற்கும். வாங்கியவர் அதைத் தனக்குப் பிடித்த பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்புவார். பிரான்சில் ஃபிகோனி, சாப்ரோன், சாவுத்சிக், இத்தாலியில் டூரிங், இங்கிலாந்தில் பார்க்கர், கர்னி நட்டிங் போன்ற பட்டறைகள் அப்படிப் பெயர்பெற்றவை. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைச் சேசிஸ் மீது ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பத்து வடிவங்கள் எழும். ஆலையின் ஆவணங்களில் சேசிஸ் எண் இருக்கும், மட்கார்டின் வளைவு இருக்காது. பட்டறைகளின் வரைபடங்கள் பட்டறைகள் மூடப்பட்டபோது பெரும்பாலும் தொலைந்தன. ஆகவே ஒரு காரின் உருவத்தைப் பற்றிய சான்றாக ஒளிப்படத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது.

அழகுப்போட்டி அந்தப் பட்டறைகளுக்கான விளம்பர மேடை. நடத்தியவர்களில் பலர் பத்திரிகை முதலாளிகள். ஃபெமினா என்ற பெண்கள் இதழும் லோட்டோ என்ற விளையாட்டு நாளிதழும் இத்தகைய போட்டிகளுக்குத் துணைநின்றன. 1903இல் டூர் தெ பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியைத் தொடங்கியதும் இதே லோட்டோதான். செய்திக்காகக் காத்திருப்பதைவிட செய்தியைத் தானே நடத்துவது பத்திரிகைக்கு லாபம் என்பதை அது முன்பே கற்றிருந்தது. காரின் அருகில் நடிகையோ சமூகத்தில் பெயர்பெற்ற பெண்ணோ நிற்பார். புகழ்பெற்ற தையலகத்தின் உடை, காரின் நிறத்துக்கு இசைவான தொப்பி, சில நேரம் ஒரு நாய். நடுவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள். காரை மட்டும் காட்டும் படம் அன்றைய ஆசிரியருக்குத் தேவைப்படவில்லை.

இத்தாலியில் 1929 செப்டம்பரில் கோமோ ஏரிக்கரையிலுள்ள செர்னோபியோவில் வில்லா தெஸ்தே போட்டி தொடங்கியது. 1949இல் அங்கே வென்ற ஆல்ஃபா ரோமியோ 6சி 2500 காரின் டூரிங் வடிவத்துக்குப் பிறகு ‘வில்லா தெஸ்தே’ என்றே பெயர் நிலைத்தது. ஒரு காட்சியின் பெயரே காரின் பெயரானது இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

பத்திரிகைப் படங்களும் நிறுவனப் படங்களும்

அக்காலக் கார் படங்கள் இரு வழிகளில் வந்தன. முதல் வழி, நிறுவனமோ பட்டறையோ எடுத்துவைத்த அதிகாரபூர்வப் படங்கள். முக்காலியில் பெரிய கேமராவை நிறுத்தி, கண்ணாடித் தகட்டில், நிதானமாக எடுக்கப்பட்டவை. பார்வைக்கு மிகத் தெளிவானவை, ஆனால் சான்றாகக் கொள்ளும்போது சிக்கலானவை. பின்னணியை வெள்ளைச் சாயத்தால் மறைப்பது, ஒரு கோட்டை நீட்டுவது, பிடிக்காத மூட்டை அழிப்பது எல்லாம் வழக்கமாக நடந்தன. சாயத்தைக் காற்றழுத்தத்தில் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவி விளம்பரக் கலைஞர்களின் மேசையில் கட்டாயம் இருந்தது.

இரண்டாம் வழி, செய்தி நிறுவனங்களின் படங்கள். மார்செல் ரோல் 1904இல் தொடங்கிய ரோல் நிறுவனமும் மெரிஸ் நிறுவனமும் பாரிஸின் கார் காட்சிகளையும் அழகுப்போட்டிகளையும் தொடர்ந்து படமெடுத்தன. அவற்றின் தகடுகள் இன்று பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. காலிகா என்னும் அதன் மின்னூலகத்தில் எவரும் பார்க்கலாம். இந்தப் படங்களில் மட்கார்டை மறைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார், நடைபாதையின் குப்பை தெரியும், படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட வேறொரு கார் இருக்கும். மீட்டெடுப்பவர்களுக்கு இந்த அவசரப் படங்களே அதிகம் பயன்பட்டன. அழகாக்க நேரம் இல்லாததால் அவை பொய் சொல்லவும் நேரம் பெறவில்லை. ஓரத்தில் வெட்டுப்பட்ட அந்த இரண்டாவது கார்தான் பின்னாளில் யாரோ ஒருவர் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த காராக அமையும்.

பத்திரிகைக் கேமராவுக்கும் ஒரு குறை உண்டு. அதன் ஷட்டர், ஒரு குறுகிய இடைவெளி தகட்டின் குறுக்கே நகரும் வகையில் அமைந்தது. படத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே நொடியில் பதிவாவதில்லை. நகரும் கார் அதனால் சாய்ந்துவிடும். ழாக் ஆன்றி லார்த்திக் இளமையில் எடுத்த பந்தயக் கார் படம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதில் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த முட்டை வடிவம் பெற்றிருக்கிறது, வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னோக்கிச் சாய்கிறார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1963இல் லார்த்திக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்தபின் அவர் உலகப்புகழ் பெற்றார். 1912ஆம் ஆண்டின் டெலாஜ் கார் என்ற குறிப்போடு அந்தப் படம் நெடுங்காலம் அச்சாகிவந்தது. அதிலுள்ள 6ஆம் எண் கார் 1913 பந்தயத்தில் ஓடிய ஷ்னைடர் என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். உலகின் மிகப் பிரபலமான கார் படத்தின் ஆண்டும் காரின் பெயருமே வாதத்துக்குரியவை என்றால், சாதாரணப் படங்களின் பின்னால் பென்சிலில் எழுதிய குறிப்புகளை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி எழுகிறது.

ஏரோலித்

கண்காட்சிப் படம் ஒன்றே காருக்குப் பதிலாக நின்ற நிகழ்வுகளில் புகாட்டி ஏரோலித் முதன்மையானது. 1935 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் புகாட்டி நிறுவனம் இந்தக் காரை வைத்தது. பாரிஸ் கண்காட்சி 1898இல் துய்லெரி தோட்டத்தில் தொடங்கி, 1901 முதல் கிராண்ட் பலே என்ற மாபெரும் கண்ணாடிக் கூரை மண்டபத்தில் நடந்துவந்தது. கூரையிலிருந்து பரவலாக விழும் பகல் வெளிச்சம் காரின் முதுகிலும் மட்கார்டுகளிலும் மென்மையாக இறங்கும். பளபளப்பான உலோகத்தைப் படமெடுக்க அதைவிட வாய்ப்பான கூடம் அன்று குறைவு.

காரை வடிவமைத்தவர் நிறுவனர் எத்தோரே புகாட்டியின் மகன் ஜான் புகாட்டி. அவருக்கு அப்போது வயது 26. ஏரோலித் என்றால் விண்கல். பெரும்பகுதி மக்னீசியம் கொண்ட எலக்ட்ரான் என்ற கலப்பு உலோகத்தால் பாடி கட்டப்பட்டது. எடை மிகக் குறைவு, ஆனால் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். ஆகவே தகடுகளின் விளிம்புகளை வெளியே மடித்து ரிவெட் அடித்து இணைத்தனர். காரின் மூக்கிலிருந்து வால்வரை முதுகுத்தண்டுபோல் ஓடும் அந்த விளிம்பு, கண்காட்சியில் பார்த்தவர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. பின்னர் இதே வடிவத்தை அலுமினியத்தில் செய்து டைப் 57 அட்லாண்டிக் என்ற பெயரில் புகாட்டி நான்கே கார்கள் கட்டியது. அலுமினியத்தை வெல்டிங் செய்ய முடியும், ரிவெட் விளிம்புக்குத் தேவையே இல்லை. இருந்தும் விளிம்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பக் கட்டாயமாகப் பிறந்தது அழகாக மாறிவிட்டிருந்தது.

ஏரோலித் லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கும் போனது. பிறகு அதைப் பற்றிய தடயம் இல்லை. ஆலையிலேயே பிரித்துப் பாகங்களை வேறு கார்களுக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஜான் புகாட்டி 1939 ஆகஸ்டில் ஒரு காரைச் சோதித்து ஓட்டும்போது விபத்தில் இறந்தார். அடுத்த மாதம் போர் தொடங்கியது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் கிரேன்ஜர் நடத்திய மீட்டெடுப்புப் பட்டறை ஏரோலித்தை மறுபடி கட்ட முனைந்தது. அடிப்படையாகக் கொண்டது 57104 என்ற எண்ணுள்ள தொடக்ககால டைப் 57 சேசிஸ். பாடியைப் பொறுத்தவரை கையில் இருந்தவை 11 ஒளிப்படங்களும் ஓர் எண்ணெய்வண்ண ஓவியமும் மட்டுமே.

ஒளிப்படத்திலிருந்து அளவெடுக்கும் முறை கார்களுக்கு முன்பே கட்டடங்களுக்கு வந்துவிட்டது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் 1858இல் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க ஏறி, மேலிருந்து விழும் நிலையில் தப்பினார். உயரத்தில் ஏறாமல் படத்திலிருந்தே அளக்கும் வழியைத் தேட அந்த அச்சம் அவரைத் தூண்டியது. படத்தில் உள்ள ஏதாவது ஒன்றின் உண்மை அளவு தெரிந்திருக்க வேண்டும். காருக்கு அது சக்கரத்தின் விட்டமாக இருக்கலாம். அதை அளவுகோலாக வைத்து, கேமரா எங்கே எவ்வளவு உயரத்தில் நின்றது என்று கணக்கிட்டு, பிற நீளங்களைப் பெறலாம். ஆனால் கேமராவுக்கு அருகிலுள்ள பகுதி பெருத்தும் தொலைவிலுள்ளது சிறுத்தும் தோன்றும். வளைந்த பரப்பில் கோடுகளே இல்லாததால் ஒரு படத்தின் கணக்கு இன்னொன்றோடு முரண்படும். வெவ்வேறு கோணங்களில் எடுத்த படங்கள் பல இருந்தால்தான் முரண்பாட்டைத் தீர்க்க முடியும். பின்புறத்தை ஒருவரும் படமெடுக்காவிட்டால் பின்புறம் ஊகம்தான்.

கிரேன்ஜரின் பட்டறை மக்னீசியத்திலேயே பாடியைக் கட்டியது. அலுமினியத்தில் கட்டியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும், வெளியே வித்தியாசமும் தெரியாது. உலோகம் எதிர்த்த இடங்களில்தான் 1935இல் அந்த வடிவம் ஏன் அப்படி ஆனது என்பது விளங்கும் என்பதால் கடினமான வழியைத் தேர்ந்ததாகக் கொள்ளலாம். நிறத்துக்கு ஓவியம் துணைநின்றது. முடிந்த கார் வெளிறிய பச்சை. இது 1935ஆம் ஆண்டுக் காரா, 11 படங்களின் முப்பரிமாண வடிவமா என்ற வாதம் அன்று முதல் நடக்கிறது. சேசிஸும் இயந்திரமும் புகாட்டி ஆலையில் பிறந்தவை என்பதால் போலி என்று தள்ளுவது நியாயமில்லை. மூலக்கார் என்றும் சொல்ல முடியாது. கண்காட்சிக்கு வந்த பத்திரிகையாளர்கள் எங்கே நின்றார்களோ அங்கிருந்து பார்த்தால் அது ஏரோலித்.

அட்லாண்டிக் கார்களுக்கும் இதுபோன்ற கதை உண்டு. கட்டப்பட்ட நான்கில் மூன்று எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று 1955இல் ரயில் மோதி நொறுங்கி, மீண்டும் கட்டப்பட்டது. ஜான் புகாட்டி தாமே ஓட்டிய கறுப்பு நிறக் கார் போர்க்காலத்தில் காணாமல் போனது. நிறுவனத்தின் விளம்பர ஏடுகளுக்குப் படமெடுக்கப்பட்டது அந்தக் கார்தான். எஞ்சியவற்றைவிட மறைந்த கார் அச்சில் அதிகம் உலவுகிறது.

நிறம் என்னும் சிக்கல்

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சாம்பல் அளவும் நம்பத்தக்கதல்ல என்பது பலருக்குத் தெரியாது. தொடக்ககாலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே உணர்வு கொண்டவை. அடுத்து வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் வகை பச்சையையும் உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தபோதிலும், விலையும் இருட்டறைச் சிரமமும் காரணமாகப் பழைய வகை 1930கள்வரை புழக்கத்தில் இருந்தது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே தகட்டைக் கழுவும் வசதியை ஒளிப்படக்காரர்கள் எளிதில் விடவில்லை.

விளைவு, செந்நிறக் கார் படத்தில் கறுப்பாகிவிடும். வெளிர்நீலக் கார் ஏறத்தாழ வெள்ளையாகிவிடும். மஞ்சள் எதிர்பார்த்ததைவிட இருண்டுபோகும். இரண்டு நிறம் பூசிய கார்களில் எது அடர்ந்தது எது வெளிறியது என்பதே தலைகீழாகலாம். பார்க்கும் படம் எவ்வகைத் தகட்டில் எடுத்தது என்று தெரியாமல், கருமையாக இருக்கிறது என்பதற்காகக் கறுப்பு பூசினால் அது காரின் நிறமல்ல, தகட்டின் நிறம். இங்கே எதிர்பாராத துணையாக வந்தவை நாகரிகப் பக்கங்கள். சீமாட்டி அணிந்த உடையின் நிறத்தையும் அதற்கு இசைந்த காரின் நிறத்தையும் எழுதிய இதழ்க்குறிப்பு கிடைத்தால், மோட்டார் வல்லுநரின் கட்டுரையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வண்ணப் படம் வந்தபிறகும் சிக்கல் தீரவில்லை. கோடாக்குரோம் படச்சுருள் 1935இல் திரைப்படக் கேமராவுக்கும் 1936இல் ஒளிப்படக் கேமராவுக்கும் வந்தது. இருட்டில் பாதுகாத்தால் அதன் நிறம் நெடுங்காலம் நிற்கும். தொடக்ககால எக்டாகுரோம் சுருள்கள் அப்படியல்ல, அவற்றில் நீலப்பச்சைச் சாயம் வெளிறி, படம் முழுவதும் செம்மை ஏறிவிட்டது. 1950களின் கண்காட்சிப் படம் ஒன்றில் கார் தாமிர நிறமாகத் தெரிந்தால், அருகிலுள்ள புல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறத்தைப் போலவே பளபளப்பும் ஏமாற்றும். டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் சாயம் 1923இல் ஓக்லாண்ட் கார்களில் அறிமுகமானது. இன்றைய கார்களுக்கு மேலே பூசும் தெளிவுப் பூச்சின் கண்ணாடிப் பளபளப்பு அதற்குக் கிடையாது. பழைய படங்களில் கதவில் விழும் மரத்தின் பிம்பம் சற்றுக் கலங்கியே தெரிகிறது. மீட்டெடுக்கப்பட்ட காரில் அதே மரம் இலை இலையாகத் தெரியும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால், கார் பிறந்தபோது இருந்ததைவிட இப்போது அதிகம் மினுங்குவது விளங்கும்.

பெபிள் பீச்

கண்காட்சியின் பொருளே மாறியது அமெரிக்காவில். கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 நவம்பரில் ஒரு கார் பந்தயத்தின் துணைநிகழ்ச்சியாக அழகுப்போட்டி நடந்தது. அந்த ஆண்டின் முதன்மைப் பந்தயத்தை ஜாகுவார் எக்ஸ்கே120 காரில் வென்றவர் ஃபில் ஹில். அழகுப்போட்டியில் வென்றது புத்தம்புதிய எட்வர்ட்ஸ் ஸ்போர்ட்ஸ் கார். அடுத்த சில ஆண்டுகளும் புதிய கார்களே வென்றன. ஐரோப்பிய வழக்கத்தின் தொடர்ச்சி அது.

1955இல் அதே ஃபில் ஹில், தம் அத்தையிடம் இருந்த 1931ஆம் ஆண்டு பியர்ஸ்-ஆரோ காரைச் சீர்செய்து போட்டியில் நிறுத்தினார். லெபரான் பட்டறை பாடி கட்டிய கார் அது. முதல் பரிசு அதற்குக் கிடைத்தது. போருக்கு முந்திய கார் அங்கே வெல்வது அதுவே முதல்முறை. 1961இல் ஃபார்முலா ஒன் உலகப்பட்டம் வென்ற ஹில், பிறகு கென் வான் என்பவரோடு சேர்ந்து சாண்டா மோனிகாவில் மீட்டெடுப்புப் பட்டறையே நடத்தினார். 1955 முதல் பெபிள் பீச்சில் நடுவர்கள் கேட்கும் கேள்வி வேறானது. கார் அழகாக இருக்கிறதா என்பதோடு, அன்று இருந்தபடியே இருக்கிறதா என்பதும் சேர்ந்தது. அதற்கு உரிமையாளர் சான்று காட்ட வேண்டும். தடித்த கோப்பு ஒன்றில் பழைய படங்களை அடுக்கி, ஹெட்லைட்டின் வகை, பக்கக்கோட்டின் முடிவு, சக்கர மூடியின் வடிவம் எனத் தனித்தனியாகச் சுட்டிக்காட்டும் பழக்கம் இப்படி வந்தது. 1930களில் பத்திரிகைக்காரர் எடுத்த படம் நீதிமன்ற ஆவணத்தின் நிலைக்கு உயர்ந்தது.

இந்தியக் கார்களும் இதில் சேர்ந்தன. சமஸ்தான மன்னர்கள் லண்டன், பாரிஸ் பட்டறைகளில் பாடி கட்டி வரவழைத்த கார்களுக்குப் பெபிள் பீச் 2012இலும் 2018இலும் தனிப்பிரிவு வைத்தது. கப்பலில் ஏற்றுமுன் பட்டறைகள் எடுத்துவைத்த படங்கள் இவற்றுக்கு உதவின. இந்தியாவுக்கு வந்தபின் செய்த மாற்றங்கள் அந்தப் படங்களில் இல்லை. வேட்டைக்கென்று இங்கே பொருத்திய விளக்கையோ, வெயிலுக்காக மாற்றிய கூரையையோ கழற்றிவிட்டு லண்டன் படத்தின்படி மீட்டெடுத்தால், கார் இந்தியாவில் வாழ்ந்த காலம் அதிலிருந்து நீங்கிவிடுகிறது. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் நடத்திவரும் பழங்கார் அணிவகுப்பின் பழைய படங்களை இந்தக் கோணத்தில் ஆராய இடமுண்டு. அங்கும் ஒரு நாளிதழே நடத்துநர் என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய படமெடுப்பு

பெபிள் பீச்சில் கார்கள் பசிபிக் கரையோரக் கோல்ஃப் திடலின் 18ஆவது குழிக்கான புல்வெளியில் நிற்கின்றன. விடியும்முன் கார்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளிக்கு வரும் காட்சியைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடுகிறது. கடல்மூட்டம் கலையாத அந்த நேரத்தில் வெளிச்சம் மென்மையாக இருக்கும், கூட்டமும் குறைவு. வெயில் ஏறியபின் நல்ல படம் எடுப்பது கடினம். பளபளப்பான கார் உண்மையில் ஒரு வளைந்த கண்ணாடி. எடுப்பவரின் கால்சட்டை, பக்கத்துக் குடை, மடக்கு நாற்காலி எல்லாம் கதவில் தெரியும். போலரைசர் வடிகட்டியைத் திருப்பினால் சாயப்பூச்சிலும் கண்ணாடியிலும் விழும் பிம்பம் மங்கும், குரோம் பம்பரில் மங்காது. உலோகப் பரப்பின் எதிரொளிப்பு சாயத்தின் எதிரொளிப்பைப் போல முனைவாக்கம் பெறுவதில்லை என்பதே காரணம். அகலக்கோண லென்ஸை அருகில் வைத்தால் முன் மட்கார்டு ஊதிப்போகும். சற்றுத் தள்ளிநின்று, ஹெட்லைட்டின் உயரத்துக்குக் குனிந்து, நீண்ட லென்ஸில் எடுப்பதே காரின் அளவுகளுக்கு நியாயம் செய்யும்.

படங்களின் எண்ணிக்கை பெருகியதால் சான்று பெருகியதாகக் கொள்ள முடியாது. ஒரே முன்பக்க முக்கால் கோணம், ஒரே முகப்புச் சின்னம் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. சேசிஸ் எண் பொறித்த தகடு, இருக்கைத் துணியின் உள்தையல், மட்கார்டின் அடிப்பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னே ஓடும் மின்கம்பிகள் ஆகியவற்றை எடுப்பவர் அரிது. அவற்றை எடுக்க அனுமதியும் பொறுமையும் வேண்டும், எடுத்தாலும் பார்ப்பவர் இல்லை. 1935இல் ஏரோலித்தின் முன் கூடியவர்களும் அழகான பக்கத்தையே எடுத்தார்கள். மீட்டெடுப்புப் பட்டறைகள் கேட்பதோ மறுபக்கத்தை.

மீட்டெடுக்காத கார்களுக்கு இப்போது கூடியிருக்கும் மதிப்பு இந்த நிலையை ஓரளவு மாற்றுகிறது. பழைய சாயமும் தேய்ந்த தோலும் அப்படியே இருக்கும் கார்களுக்குப் பெரிய கண்காட்சிகள் தனிப்பிரிவு வைத்துள்ளன. 2024 ஆகஸ்டில் பெபிள் பீச்சின் முதன்மைப் பரிசை அத்தகைய கார் ஒன்று முதல்முறையாகப் பெற்றது. 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 அது. பந்தயங்களில் ஓடி, பிறகு பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் சென்று, கறுப்புச் சாயமும் மஞ்சள் பட்டையும் பெற்ற கார். சாயம் ஆங்காங்கே உரிந்தும் வெடித்தும் இருக்கிறது. புல்வெளியில் கேமராக்கள் வழக்கம்போல் முகப்புச் சின்னத்தைத் தேடாமல் அந்த வெடிப்புகளின் அருகே குனிந்தன.